இன்றைக்கு யார் பாடு?

என் ஆட்டோவின் பின் சீட்டில் வாரத்தில் பாதி நாள் இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தி ஜமுனா. இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ரப்பர் பொம்மை. கண்ணை மூடி, வாயைத் திறந்து, முன்பெல்லாம் சட்டையும் இல்லாமல் ஜமுனாவின் தோளில் சாய்ந்தபடி வருவார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் முதல் தடவை போனபோது போலீஸ்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, உள்ளே குனிந்து பார்த்து, தொப்பியைக் கழற்றினார். துக்க வண்டி என்று நினைத்துவிட்டாராம். உண்மை தெரிந்த பிறகு எங்கள் இருவரையும் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

என் பெயர் மாசிலாமணி. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்கு வாய் அதிகம் என்று வீட்டுக்காரியும் சொல்வாள், சவாரிக்காரர்களும் சொல்வார்கள். சொல்லட்டும். பேச்சுக்குப் பெட்ரோலா போட வேண்டும்? ஆனால் ஜமுனாவின் கதை பேச்சைப் பற்றிய கதை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது.

ஜமுனா எங்கள் ஊர்ப் பெண். வயது நாற்பதை நெருங்குகிறது. ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கும் வேலை. ஏரிக்கரைக் குப்பங்களில் படகு விடுகிறவர்களுக்கும் நண்டு, இறால் பிடிக்கிறவர்களுக்கும், தண்ணீரில் மூழ்கியவரைக் கரையில் போட்டு எப்படிப் பிழைக்க வைப்பது என்று சொல்லிக்கொடுப்பாள். நெஞ்சை அமுக்கு, வாயில் ஊது, மறுபடியும் அமுக்கு. பாடம் அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டுக் கிளம்பலாம். பெரியவர்களுக்குச் சொல்லித் தருவதுதான் பெரும் பேஜார். பிள்ளைகள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். ஐம்பது வயசுக்காரர் எதையும் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

இந்த வேலைக்கு அவள் ஏன் வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பத்தாவது படிக்கும்போது அவளுடைய நைனா ஏரியில் விழுந்தார். தூக்கிக் கரையில் போட்டபோது உயிர் இருந்தது. சுற்றிலும் ஊரே நின்றது. ஒருவர் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார், ஒருவர் வயிற்றில் குடத்தை வைத்து உருட்டச் சொன்னார், ஒருவர் உப்பு கொண்டுவரச் சொன்னார். குடம் வந்தது; அந்தக் குடம் சின்னது, பெரிய குடம் வேண்டும் என்று இன்னொருவர் சண்டை பிடித்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று கரையில் பேச முடியாமல் கிடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் போனார்.

"தண்ணி சாவடிக்கலண்ணா, பேச்சுதான் சாவடிச்சிச்சி" என்று ஒருநாள் வண்டியில் வரும்போது சொன்னாள். சொல்லிவிட்டுப் பொம்மையின் தலையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் அப்போதும் விடாமல் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினேன். என் புத்தி அப்படி.

போன வருஷம் அவளுக்கு இரண்டு குப்பங்களைச் சேர்த்து ஒரு வகுப்பு கொடுத்தார்கள். மேட்டுக்குப்பம், பள்ளக்குப்பம். நடுவில் ஒரு கால்வாய்தான். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும். கேட்டுவிட்டு, தங்களைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று கோபித்துக்கொள்வார்கள். இதற்கு முந்தின வகுப்பு வேறொரு ஊரில் பிளாஸ்டிக் நாற்காலி பறந்து பாதியில் நின்றுபோயிருந்தது. இந்த வகுப்பும் கலைந்தால் இந்தப் பக்கம் பயிற்சியையே மூடிவிட்டு, ஜமுனாவை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் ஆபீசிலிருந்து ஒரு சார் வந்து பரீட்சை வைப்பார். அதுவரைக்கும் அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தாக வேண்டும்.

புயல் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய கட்டடத்தில் வகுப்பு. முதல் நாள் ஜமுனா எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். சென்னையில் பயிற்சியாளர்களுக்கென்று நடந்த பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். வட்டத்தில் பெரியவர் சிறியவர் கிடையாதாம். இவர்கள் உட்கார்ந்தார்கள். வட்டம் இரண்டு அரைவட்டமாக ஆனது. நடுவில் இரண்டு பக்கமும் ஒரு படகு போகிற அளவுக்கு இடைவெளி. பெண்கள் வட்டத்துக்கு வெளியே சுவரோரம் போய்விட்டார்கள்.

அடுத்து, கூச்சம் போவதற்காக ஒரு விளையாட்டு. அவரவர் பெயரையும் தனக்குப் பிடித்த மிருகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட்டுக்குப்பம் முன்னாள் தலைவர் செங்கல்வராயன் முதலில் எழுந்து, "செங்கல்வராயன், புலி" என்றார். அவர் எதைப் பேசினாலும் ஒரு பழைய புயலில் ஆரம்பித்துத்தான் பேசுவார். புலிக்கும் அந்தப் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீளமாக விளக்கினார். அடுத்தது பள்ளக்குப்பம் சகாதேவன். செங்கல்வராயன் கிழக்கு என்றால் இவர் மேற்கு. அவர் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னாலும் இவர் மேற்கேதான். "சகாதேவன், புலியச் சுடறவன்" என்றார். சுடுகிறவன் மிருகமாக முடியாது என்று ஜமுனா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஏன் முடியாது என்ற விவாதத்திலேயே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சுவரோரம் இருந்த நண்டுக்காரி கோவிந்தம்மா தன் முறை வந்தபோது முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டதோடு சரி. அவள் வகுப்பில் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

ஜமுனா சளைக்கவில்லை. ஒரு பந்தைக் கொண்டுவந்து, பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்றாள். செங்கல்வராயன் பந்தை வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை பேசினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவைத்துச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தாள். எண்ணெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு எழுந்துபோய் அவரவர் ஊர்க்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். கடைசியாக, அதிகம் பேசுகிறவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பேச்சு குறையும் என்று சென்னையில் சொன்னது ஞாபகம் வந்து, செங்கல்வராயனை வகுப்புக்குத் தலைவராக்கினாள். அங்கேதான் வினை.

மறுநாள் செங்கல்வராயன் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கழுத்தில் விசிலோடு வந்தார். தாமதமாக வந்தவர்களை வெளியில் நிற்கச் சொன்னார். இதைக் கேள்விப்பட்டுச் சகாதேவன் வேண்டுமென்றே தாமதமாக வந்தார். விசில் அடித்தது. சகாதேவன் அப்படியே திரும்பி நடந்தார். பள்ளக்குப்பம் மொத்தமும் எழுந்து பின்னால் போனது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்கூட விழித்து, விஷயம் என்ன என்று கேட்காமலே போனார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். இங்கே கூத்தாடி ஜமுனா. தலையில் கை வைத்துப் பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் சகாதேவனைச் சமாதானப்படுத்த இருவரும் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே போனால் இரண்டு குப்பத்து ஆண்களும் மணலில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாடு எடுக்கும் நாள். ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று, சீட்டுப் போட்டு இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அன்றைக்குப் பாடு உள்ளவர் வலை கட்டாமல் வீட்டில் படுத்துத் தூங்கினாலும், அடுத்தவர் அந்த இடத்தில் காலை வைக்க மாட்டார். ஒருத்தர் வராவிட்டாலும் சீட்டு எடுக்க மாட்டார்கள். பெரிய மனுஷன், சின்ன மனுஷன் என்கிற பேச்சே கிடையாது.

சீட்டு எடுக்க எடுக்கப் பார்த்தேன். விசில் செங்கல்வராயன் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உதவாத இடம் விழுந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். சகாதேவனுக்கு நல்ல இடம், யாரும் முனகவில்லை. காலையில் கட்டடத்தில் முறைத்துக்கொண்டது இதே ஆட்கள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஜமுனா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். "பொறந்ததுலருந்து பாத்துக்கினு கீறேண்ணா. இத்த உட்டுட்டு மெட்ராசுக்குப் போயி பந்து வாங்கினு வந்தேன்" என்றாள்.

மறுநாள் வகுப்பில் ஒரு சொம்பை வைத்தாள். அத்தனை பேர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டாள். தினமும் ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அன்றைக்கு வகுப்பு அவர் பாடு. பொம்மையைத் தொடுவது அவர், சொல்வது அவர், கேட்பது அவர். அவர் ஆளைக் கூப்பிட்டாலொழிய மற்றவர் குறுக்கே போகக்கூடாது. யாருக்கும் இதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரே ஒரு சிக்கல் வந்தது. பெண்களுக்குப் பாடு கிடையாது, ஏரியிலேயே கிடையாது, இங்கே எப்படி என்று சகாதேவன் எழுந்தார். நியாயமாகப் பார்த்தால் செங்கல்வராயனுக்கும் அதே எண்ணம்தான் இருந்திருக்கும். ஆனால் சகாதேவன் கிடையாது என்று சொல்லிவிட்டாரே, என்ன செய்ய? "ஏன் கெடையாது? உண்டு" என்றார். அதோடு பெண்கள் பெயரும் சொம்புக்குள் விழுந்தது. அன்று முதல் அந்த இருவரின் பகையையும் ஜமுனா பாடத்தில் சேர்த்துக்கொண்டாள்.

சில நாள் வகுப்பு ஒழுங்காக ஓடியது. பிறகு கோவிந்தம்மாவின் சீட்டு வந்தது.

கோவிந்தம்மா எழுந்து வந்தாள். பொம்மையின் முன்னால் மண்டி போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு இல்லை, அசைவு இல்லை. பாடு அவளுடையது, அவள் வலை போடவில்லை என்றால் அந்த இடம் அன்றைக்குச் சும்மா கிடக்க வேண்டியதுதான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செங்கல்வராயனுக்கு உதடு துடிக்கிறது, துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறார். நேரம் போகிறது. காக்கா ஒன்று உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஜமுனாவுக்குத் தாங்கவில்லை. "அக்கா, மொதல்ல ரெண்டு கையயும்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒன் பாடு இல்லம்மா" என்றார் செங்கல்வராயன்.

டீச்சரையே உட்கார வைத்துவிட்டார்கள். ஜமுனாவும் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற நான் பேசாமல் இருக்க முடியாமல் வண்டியைத் துடைக்கப் போனேன். சுத்தமான வண்டியைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதுதான் கோவிந்தம்மா பேசினாள். இத்தனை நாளில் அதுதான் முதல் பேச்சு.

"இது ஆம்பளயா பொம்பளயா? ஆம்பளன்னா, சட்டயில்லாத ஒடம்ப இத்தினி பேரு முன்னால நான் எப்பிடித் தொடறது?"

யாருக்கும் தோன்றாத கேள்வி. சுவரோரம் இருந்த மற்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் இத்தனை நாளாக அதே சங்கடம்தானாம். இடைவெளி கிடைக்காததால் யாரும் கேட்கவில்லை. ஒருத்தி ஓடிப்போய் ஒரு பழைய நைட்டியைக் கொண்டுவந்தாள். பூப்போட்ட நைட்டியைப் போட்டதும் பொம்மை பெண்ணாகிவிட்டது. அதன் பிறகு கோவிந்தம்மா இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினாள் பாருங்கள், உள்ளே ஸ்பிரிங் ஒன்று கழன்றுகொண்டது. அதற்கப்புறம் அந்த நைட்டி கழற்றப்படவே இல்லை. எளாவூர் போலீஸ்காரர் மறுபடியும் எங்களைப் பார்த்தபோது இந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. எல்லோரும் அமுக்கினார்கள், எல்லோரும் ஊதினார்கள். பரீட்சை நாள் வந்தது.

ஆபீஸ் சார் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தபோது சகாதேவன் மட்டும் வந்து சேரவில்லை. ஆள் இல்லாமல் சீட்டு எடுப்பது முறையில்லை என்று செங்கல்வராயன் தயங்கினார். நேரமாகிவிட்டது, எடுங்கள் என்று ஜமுனா கெஞ்சினாள். சீட்டு எடுத்தார்கள். கோவிந்தம்மாவின் பெயர் வந்தது. ஜமுனாவின் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். சார் முன்னால் இந்த அம்மாள் மறுபடியும் மௌன விரதம் இருந்துவிட்டால் என்ன கதி என்று பயம்.

அப்போது கால்வாய்ப் பக்கம் சத்தம் கேட்டது. சகாதேவன் தாமதமாகிவிட்டதென்று தனியாகப் படகைக் கோலூன்றி வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கோல் சேற்றில் சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஒரு கோலுக்குக்கூட விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? கோலைப் பிடித்தபடி அவர் நிற்க, படகு போய்விட்டது. கால்வாயின் ஆழமான இடத்தில் விழுந்தார். கீழே கிடந்த கிழிந்த வலையில் கால் மாட்டிக்கொண்டது. ஜமுனா கொடுத்த மிதவைச் சட்டை படகிலேயே இருந்தது. அதை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவதுதான் வழக்கமாம்.

பக்கத்துப் படகுக்காரர்கள் குதித்து வலையை அறுத்துத் தூக்கிவந்து கரையில் போட்டார்கள். மூச்சு இல்லை. இரண்டு குப்பமும் ஓடிவந்து சூழ்ந்தது. தலைகீழாகப் பிடி என்று ஒரு குரல், காலைத் தேய் என்று ஒரு குரல், குடம் எங்கே என்று ஒரு குரல். நான் ஜமுனாவைப் பார்த்தேன். அவள் கண் எங்கேயோ இருந்தது. பத்தாவது படிக்கிற பெண்ணாக அந்தப் பழைய கரையில் நின்றுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். திடீரென்று அவளும் கத்த ஆரம்பித்தாள். தலையைச் சாய், தள்ளிப் போ, அமுக்கு, இல்லை ஊது, யாராவது செய்யுங்கள் என்று எல்லோரையும் பார்த்துக் கத்தினாள். அத்தனை சத்தத்தில் அதுவும் ஒரு சத்தமாகக் கலந்தது. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

விசில் அடித்தது.

செங்கல்வராயன் கூட்டத்தின் நடுவில் நின்றார். "இன்னிக்கு கோவிந்தம்மா பாடு. அல்லாரும் வாய மூடிக்கினு நவுருங்க" என்றார். பிறகு ஜமுனாவைப் பார்த்து, "நீயும்தாம்மா" என்றார்.

கூட்டம் பின்னால் போனது. வகுப்புக்கு வராதவர்களுக்கும் அந்த வார்த்தை புரிந்தது. அந்த ஏரியில் அது புரியாதவர் யார்? கோவிந்தம்மா வந்து மண்டி போட்டாள். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. சட்டை இல்லாத உடம்பில் இரண்டு கையையும் ஊன்றினாள். அமுக்கினாள், தலையைச் சாய்த்து ஊதினாள், மறுபடியும் அமுக்கினாள். அவள் எண்ணுகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கை ஓய்ந்தபோது தலையைத் தூக்கி மேட்டுக்குப்பத்து ஆள் ஒருவரைக் கண்ணால் கூப்பிட்டாள். அவர் வந்து விட்ட இடத்திலிருந்து அமுக்கினார். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. ஆபீஸ் காரும் வந்து நின்றது. இறங்கிய சாரும் கதவைச் சாத்தாமல் நின்றார்.

சகாதேவன் இருமினார். தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. செங்கல்வராயன் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆம்புலன்சுக்குக் காத்திராமல் என் வண்டியிலேயே ஏற்றினோம். ஒரு பக்கம் கோவிந்தம்மா, ஒரு பக்கம் செங்கல்வராயன், நடுவில் சகாதேவன். ஜமுனா எனக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதி வழியில் சகாதேவன் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். செங்கல்வராயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிந்தம்மா பாடுய்யா இன்னிக்கு. அதான் நீ பொழச்ச" என்றார்.

சகாதேவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு ஈனக் குரலில், "நான் இல்லாம எடுத்த சீட்டு செல்லாது" என்றார்.

"மாசிலாமணி, வண்டியத் திருப்பு" என்றாள் கோவிந்தம்மா. "இவர எங்கருந்து எடுத்தமோ அங்கயே போட்டுடலாம்."

செங்கல்வராயன் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. சகாதேவனும் சிரிக்கப் போய் இருமினார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு ஜமுனாவும் நானும் மட்டும் திரும்பினோம். வழியில் ஆபீஸ் சார் போன் செய்தார். பயிற்சி தொடரட்டும், அடுத்த வகுப்பும் உனக்குத்தான் என்றார். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. அந்த ஒருவர் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் சும்மா நின்றார்களே, அவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டார்.

"சும்மா நிக்கறதத்தான் சார் இத்தினி நாளா சொல்லிக்குடுத்தேன்" என்றாள் ஜமுனா.

போனை வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். "நைனாக்குத்தாண்ணா இப்பிடி யாரும் நிக்கல" என்றாள்.

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆறுதல் இருந்தது, பழமொழி இருந்தது, பெட்ரோல் விலை இருந்தது. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வரை வாயைத் திறக்காமல் வண்டியை ஓட்டினேன். அது அவள் பாடு.